கோரஸில் ஐந்து பேர்

ஐஸ் பெட்டியின் ஒயரைப் பிடுங்கி வேறு பிளக்கில் மாட்டுவதற்காக, ஜெபகுமார் தன் அக்காவின் தலைமாட்டுக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தான்.

"சார், கழட்டாத சார்," என்றான் மாரி. ஷாமியானா, நாற்காலி, ஐஸ் பெட்டி, ஸ்பீக்கர் எல்லாம் அவன் கொண்டுவந்தவை. "ரெண்டு நிமிசம் ஆஃப் ஆனாலும் கண்ணாடி வேத்துக்கும். அப்பால மூஞ்சி தெரியலன்னு என்னைத்தான் திட்டுவாங்கோ."

"பெட்டியும் ஸ்பீக்கரும் ஒரே லைன்ல இருக்கு மாரி. உம்ம்னு ஒரு சத்தம் வருது, கேக்கலயா?"

மாரி தலையைச் சாய்த்துக் கேட்டான். "எனுக்கு ஒண்ணும் கேக்கல சார். சாவு வூட்ல இன்னா சத்தம்னு தனியா கேக்குறது?"

ஜெபகுமாருக்குக் கேட்டது. அதுதான் அவன் பிழைப்பு. பாட்டுகளுக்கு மிக்சிங், மாஸ்டரிங் செய்கிறவன். அப்படியென்றால் என்ன என்று பெண் பார்க்கப் போன நான்கு வீடுகளில் விளக்கியிருக்கிறான். தனித்தனியாகப் பதிந்த குரல்களையும் வாத்தியங்களையும் ஒன்றோடொன்று சண்டை போடாமல் உட்கார வைப்பது மிக்சிங். உட்கார வைத்த மொத்தத்துக்கும், காரிலும் செல்போனிலும் சரியாகக் கேட்கிற மாதிரி, கடைசியாக இஸ்திரி போட்டுக் கொடுப்பது மாஸ்டரிங். "சரி, உங்க பேர் பாட்டுல எங்க வரும்?" என்று நான்கு வீட்டிலும் கேட்டார்கள். நான்கு வீட்டிலும் கேசரி நன்றாக இருந்தது.

பிளக்கை மாற்றிவிட்டு எழுந்தான். உம்ம் நின்றது. யாரும் கவனிக்கவில்லை. அவன் வேலையில் வழக்கமாகக் கிடைக்கும் பாராட்டு அவ்வளவுதான்.

கண்ணாடிக்குள் ஜான்சி அக்கா அரக்கு நிறப் பட்டுப்புடவையில் படுத்திருந்தாள். குரோம்பேட்டையில் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறவள். நேற்றுச் சாயங்காலம் ஒரு வாடிக்கையாளருக்குச் சில்லறை எடுத்துக் கொடுத்துவிட்டு அப்படியே நாற்காலியில் சாய்ந்தாள். நாற்பத்தாறு வயது. நாலு சுவரிலும் கூரைவரை மருந்து.

கிழக்குத் தாம்பரத்தில் அக்கா குடும்பம் குடியிருந்தது முதல் மாடி. பெட்டியைப் படியில் ஏற்ற முடியாததால் கீழ் வீட்டுக் கனகவல்லியம்மா தன் காரை வெளியே தள்ளச் சொல்லிவிட்டு அந்த இடத்தைக் கொடுத்திருந்தார். கொடுத்தவர் என்ற உரிமையில் காலையிலிருந்து தலைமாட்டில் அவர்தான் உட்கார்ந்திருந்தார். வருகிறவர்களுக்கெல்லாம் ஸ்பீக்கரைக் காட்டினார்.

"இதோ பாடிகினுதே, இந்தப் பாட்டுல ஜான்சி இருக்குது. ரெண்டாவது சரணம் வரட்டும், அதும் கொரலு மட்டும் தனியா கணீர்னு நிக்கும். கேக்கச்சொல்லவே புல்லரிக்கும், பாரேன்."

வந்தவர்கள் இரண்டாவது சரணத்துக்காகக் காத்திருந்து, கேட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

காலை எட்டு மணியிலிருந்து அந்த ஒரே பாட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு வருடங்களுக்கு முன் வந்த கிறிஸ்துமஸ் பாட்டு. மேய்ப்பர்களைப் பற்றியது. நாற்பது லட்சம் பேர் கேட்டது. முதன்மைக் குரல் யாரோ பெரிய பாடகர். கோரஸில் ஐந்து பெண்கள், ஐந்தாவது பெயர் ஜான்சி. மிக்சிங் ஜெபகுமார். அந்தப் பாட்டில் ஜான்சி இல்லை என்பது அங்கே கூடியிருந்த நூற்றைம்பது பேரில் அவன் ஒருவனுக்கு மட்டும் தெரியும்.

ஜெபகுமாரின் ஸ்டூடியோ பொழிச்சலூரில் ஒரு படுக்கையறை. பாடுகிறவர்கள் நிற்கும் இடம் அந்த அறையின் துணி அலமாரி. கோரஸ் என்றாலும் ஒருவர் பின் ஒருவராகத்தான் பாட முடியும். தலைக்கு மேல் விமானம் இறங்கும்; இறங்கி முடித்ததும் அடுத்த வரி. அக்கா அரை நாள் லீவு போட்டு வந்து, ஒன்பது விமானங்களுக்கு வழிவிட்டுப் பாடிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

பாட்டு மதியம் பன்னிரண்டுக்கு வெளியாக வேண்டிய நாளில், பதினொன்றே காலுக்குத் தயாரிப்பாளர் போன் செய்தார். "தம்பி, கோரஸ்ல ஒரு லேடி வாய்ஸ் மட்டும் பின்னாடியே ஓடி வருதே, என்னன்னு பாருங்க." பார்க்கத் தேவையிருக்கவில்லை. அக்கா எல்லோரும் தொடங்கிய பிறகு தொடங்கி, எல்லோரும் முடித்த பிறகு முடிப்பாள். பந்தியில் சாப்பிடும்போதும் அப்படித்தான். ஜெபகுமார் அவள் குரல் இருந்த வரிசையில் 'எம்' என்ற சின்னப் பொத்தானை அழுத்தினான். அந்தக் குரல் மட்டும் வாய்மூடிக்கொண்டது. மற்ற வேலையை முடித்துவிட்டு, சரிசெய்து திரும்ப விட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தான். பன்னிரண்டு மணி ஆகிவிட்டது.

மறுநாள் பிளம் கேக்கோடு வந்தாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டாள். இரண்டாவது சரணத்தில் சட்டென்று அவன் முழங்கையைப் பிடித்தாள்.

"இதோ! இதோ, இது நான்தானடா?"

அது ஏஞ்சல், கோரஸில் இன்னொரு பெண்.

"ஆமாக்கா," என்றான்.

அதற்குப் பிறகு உண்மையைச் சொல்ல வசதியான நாள் ஒன்று அமையவில்லை. முதல் வாரம் அவள் அதை ரிங்டோனாக வைத்தாள். அந்த டிசம்பரில் சபையில் அவளை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார்கள். அடுத்த டிசம்பரிலும். மருந்துக் கடை முதலாளி வாடிக்கையாளர்களிடம் சொல்லிக் காட்டினார். இதற்கெல்லாம் நடுவில் புகுந்து, "அக்கா, அது நீ இல்ல," என்று சொல்கிற தைரியம் ஜெபகுமாருக்கு எந்த நாளும் வரவில்லை. கேக்கை மட்டும் வருடா வருடம் சாப்பிட்டான்.

"குமாரு, கொஞ்சம் இங்க வா."

அடுக்கி வைத்த நாற்காலிகளுக்குப் பின்னால் ஞானையா நின்றிருந்தார். ஜான்சியின் கணவர். ரயில் நிலைய டிக்கெட் கவுண்டரில் இருபத்தேழு வருடமாக உட்கார்ந்திருப்பவர். காலையிலிருந்து அவர் அழவில்லை. வந்தவர்களிடம் காலணியை எங்கே விடுவது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்னத்தான்?"

"ஒண்ணு கேக்கணும். சிரிக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"இந்தப் பாட்டுல எல்லாருக்கும் அவ குரல் கேக்குது. எனக்கு மட்டும் கேக்க மாட்டேங்குது." குரலை இன்னும் தாழ்த்தினார். "இன்னிக்கு இல்ல, ஆறு வருசமா. அவகிட்ட கேக்குதுன்னு சொல்லிட்டேன். ஒவ்வொரு தடவையும் 'இதானே நீ'ம்பேன், குத்துமதிப்பா. ரெண்டு தடவ அந்தப் பெரிய பாடகர் வரியில சொல்லி மாட்டிக்கிட்டேன்."

ஜெபகுமார் அடுக்கில் சாய்ந்திருந்த ஒரு நாற்காலியை நேராக்கினான்.

"கவுண்டர்ல மைக் சத்தம் கேட்டு கேட்டு காது போச்சோன்னு ஈ.என்.டி. டாக்டர்கிட்ட காமிச்சேன். நல்லாருக்குன்னாரு. பாக்க காலேஜ் பையன் மாதிரி இருந்தாரு, அவருக்கு என்ன தெரியும்னு பல்லாவரத்துல ஒரு வயசானவர்கிட்ட போனேன். அவரும் நல்லாருக்குன்னாரு. இருபத்திரண்டு வருசம் கூட இருந்த பொம்பள குரலு எனக்கு மட்டும் தெரியலன்னா என்னடா அர்த்தம்?"

"அத்தான், அது வந்து..."

"மூணு மணிக்கு ஆராதனை. அப்ப இந்தப் பாட்டப் போடப் போறாங்க. அவ குரல மட்டும் கொஞ்சம் தூக்கி வச்சுத் தர முடியுமா? ஒரே ஒரு தடவ எனக்குக் கேட்டாப் போதும். அப்புறம் பெட்டிய மூடிருவாங்க."

"கலந்து முடிச்ச பாட்டு அத்தான் அது. அரைச்ச மாவுல உளுந்த மட்டும் தனியா எடுக்கச் சொல்ற மாதிரி."

"செஷன் ஃபைல் இருந்தா எடுக்கலாம்ப்பா," என்றாள் டெபோரா. ஞானையாவின் ஒரே மகள், பி.காம். கடைசி வருடம். கையில் காலி டீ ஃபிளாஸ்க்கோடு எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை. "அதுல எல்லாக் குரலும் தனித்தனியா இருக்கும். மாமா போன மாசம்கூட ஒரு பாஸ்டருக்கு அப்படித்தான் பண்ணிக் குடுத்தாங்க. இல்ல மாமா?"

"இருந்தா... பண்ணலாம்."

"வாங்க, போய்ப் பாப்போம். எனக்கும் இங்க மூச்சு முட்டுது. நாலு பேரு ஒரே கேள்விய கேக்குறாங்க, சாப்ட்டியா சாப்ட்டியான்னு."

"அம்மா இப்டி படுத்துகினுக்கச்சொல்ல பொண்ணு எங்க கெளம்புது?" என்றார் கனகவல்லியம்மா.

"அம்மா வேலையாத்தான் ஆன்ட்டி," என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

ஜி.எஸ்.டி. ரோடு நெடுக ஜெபகுமார் ஒரே வேண்டுதலோடு வண்டி ஓட்டினான்: அந்த ஹார்ட் டிஸ்க் செத்திருக்க வேண்டும். இந்த ஆறு வருடத்தில் எத்தனையோ ஹார்ட் டிஸ்க்குகள் காசு வாங்கவேண்டிய பாட்டுகளோடு சேர்ந்து செத்திருக்கின்றன. பல்லாவரம் சிக்னலில் வேண்டுதலை இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொன்னான். பம்மலில் ஒரு தண்ணீர் லாரி வழிமறித்தபோது அதைக் கர்த்தர் அனுப்பியதாகவே எடுத்துக்கொண்டான். லாரி விலகிவிட்டது.

ஹார்ட் டிஸ்க் முதல் முறையிலேயே விழித்துக்கொண்டது. செஷன் திறந்தது. பழைய கருவிகள் சிலவற்றைக் காணவில்லை என்று கணினியும் தன் பங்குக்கு வருத்தம் தெரிவித்தது. திரையில் வரிசை வரிசையாகக் குரல்கள் பச்சை நிறத்தில் நின்றன. ஒன்று மட்டும் சாம்பல் நிறத்தில் இருந்தது. அதன் பெயர் 'ஜான்சி அக்கா'. பக்கத்தில் எம் என்ற எழுத்து எரிந்துகொண்டிருந்தது.

டெபோரா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். திரையைப் பார்த்தாள்.

"எம்முன்னா மியூட்தான மாமா?"

"ஆமா."

"எப்ப போட்டீங்க?"

"பாட்டு ரிலீஸ் அன்னிக்கு."

"எப்ப எடுத்தீங்க?"

ஒரு விமானம் இறங்கியது. பழக்கதோஷத்தில் இருவரும் அது போய் முடியும்வரை பேசவில்லை.

"அக்கா கொஞ்சம் லேட்டா வந்தாடா. டைம் இல்ல. சரி பண்ணி அப்புறம் போட்டுக்கலாம்னு இருந்தேன்," என்றான் ஜெபகுமார். சொன்ன பிறகு, இதை இதைவிட நன்றாகச் சொல்ல ஆறு வருடம் இருந்ததே என்று தோன்றியது.

"அப்ப ரெண்டாவது சரணத்துல வரது?"

"ஏஞ்சல்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அதுதான் தான்னு நெனச்சா. நான் ஆமான்னுட்டேன்."

டெபோரா கொஞ்ச நேரம் தன் கையிலிருந்த ஹெல்மெட்டின் வாரைக் கோத்தாள், கழற்றினாள், கோத்தாள்.

"ஒரு சண்டே, மத்தியானம் முழுக்க அப்பா இந்தப் பாட்ட போட்டு காதுகிட்ட ஃபோன வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. அம்மா சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்." பிறகு, "போடுங்க. அம்மாது மட்டும்," என்றாள்.

எம் அணைந்தது. அலமாரியின் அடைசலான அமைதி முதலில் கேட்டது. பிறகு ஜான்சியின் குரல், லேசாக மூக்கடைத்து: "நாலரைக்கு நான் கெளம்பணும்டா, பாப்பாவுக்கு டியூஷன் விட்ருவாங்க." ஒரு செருமல். அதன் பின் பாடினாள். மற்றவர்கள் இல்லாததால் அவள் தாமதமாகத் தொடங்குவதே தெரியவில்லை. யாருக்காகவோ வாசலில் நின்று பார்த்துவிட்டுப் புறப்படுகிறவள் போல ஒவ்வொரு வரிக்கும் கொஞ்சம் நின்று வந்தாள்.

"அன்னிக்கு அஞ்சே காலுக்குத்தான் வந்தாங்க," என்றாள் டெபோரா. "டியூஷன் மிஸ் வீட்டு வாசப்படியில உக்காந்திருந்தேன்."

பாட்டு முடிந்தது.

"இத அப்படியே சேத்துருவோமா?" என்றான் ஜெபகுமார். "லேட்டா வந்தா வரட்டும். அதுதான அக்கா."

இதைச் சொன்னபோது அவனுக்கே தன்மேல் லேசான மதிப்பு வந்தது. டெபோரா அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"காலைல அம்மாவுக்குப் பட்டுப்புடவ கட்டினாங்க. தல வாரி பவுடர் போட்டாங்க. அப்ப யாராவது 'நைட்டியே இருக்கட்டும், அதுதான் ஜான்சி'ன்னாங்களா?"

"இல்ல."

"அப்புறம் இதுக்கு மட்டும் என்ன? நாப்பது வருசம் பழகினவங்கல்லாம் கேக்கப்போறாங்க. சரி பண்ணுங்க மாமா."

ஜெபகுமார் மணி பார்த்தான். ஒன்று முப்பத்தெட்டு.

வேலை தெரிந்த கை தானாக ஓடியது. வரியைத் துண்டாக்கி, ஒவ்வொரு சொல்லையும் ஒரு மயிரிழை முன்னே நகர்த்தினான். ஏஞ்சலின் சொல் எங்கே தொடங்குகிறதோ அங்கே அக்காவின் சொல்லை ஓரத்தோடு ஓரம் சேர்த்தான். மூக்கடைப்பு இருந்த இடத்தைக் கொஞ்சம் வழித்தெடுத்தான். செருமலை எடுத்தான். டியூஷன் பேச்சையும் எடுக்கவேண்டியிருந்தது. அதை மட்டும் வேறு பெயரில் சேமித்தான். டெபோரா அதைக் கவனித்தாள். கடைசியாக, ஐந்து குரலையும் சேர்த்து ஓடவிட்டு, அக்காவின் குரலை மெல்ல மேலே ஏற்றினான்.

"இன்னும் கொஞ்சம்," என்றாள்.

"இதுக்கு மேல ஏத்துனா மத்தவங்க காணாமப் போயிடுவாங்கடா."

"போகட்டும். ஆறு வருசம் இருந்தாங்கல்ல."

ஏற்றினான். முழுப் பாட்டுக்கும் மாஸ்டரிங் போட்டு, பென் டிரைவில் இறக்கினான். மணி பார்த்தான். ஒன்று ஐம்பத்தேழு.

"முடிஞ்சுதா?" என்றாள் டெபோரா.

"முடிஞ்சுது."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

திரும்பும் வழியில், கிழக்குத் தாம்பரம் பாலத்தில் ஏறும்போது டெபோரா, "அப்பாகிட்ட நீங்கதான் சொல்லணும்," என்றாள்.

பாஸ்டர் வந்திருந்தார். ஷாமியானாவுக்குள் நாற்காலி மிச்சமில்லை. ஜெபகுமார் ஞானையாவை மாடிப்படிப் பக்கம் கூட்டிப்போனான். வழி நெடுக ஒரு முன்னுரை தயாரித்து வைத்திருந்தான். அதில் தயாரிப்பாளரின் போன், பன்னிரண்டு மணி, வேலைப் பளு எல்லாம் வந்தன. படியருகே நின்றபோது எல்லாம் மறந்துவிட்டது.

"அத்தான், உங்க காது நல்லாத்தான் இருக்கு."

ஞானையா பார்த்தார்.

"அக்கா குரல அன்னிக்கு நான்தான் எடுத்துட்டேன். திரும்பப் போடல. ஊர் கேட்ட பாட்டுல அக்கா இல்லவே இல்ல. இதுல இருக்கு." பென் டிரைவை நீட்டினான்.

கவுண்டர்க் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து யார் என்ன ஊர் சொன்னாலும் "எங்க?" என்று இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்கிறவர் ஞானையா. இப்போது கேட்கவில்லை. பென் டிரைவை வாங்கி, டிக்கெட்டில் தேதி பார்ப்பது போல இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"டாக்டருங்களும் அதத்தான் சொன்னாங்க," என்றார்.

மேலே யாரோ வாளியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது அத்தான்."

"சந்தோசமாத்தான் கேட்டுக்கிட்டிருந்தா."

"ஆமா."

"இத அன்னிக்கே குடுத்துருக்கலாமேடா."

"ஆமா அத்தான்."

ஜெபகுமார் கன்னத்தில் ஒரு அறையை எதிர்பார்த்து நின்றான். விழுந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். ஞானையா பென் டிரைவைத் திருப்பி அவன் கையில் வைத்தார். "போ. பாஸ்டருக்கு நாலு மணிக்கு இன்னொரு எடத்துக்குப் போணுமாம்."

ஜெபம் முடிந்து, வேதம் வாசித்து முடித்ததும், "நம் சகோதரியின் குரலில்" என்று பாஸ்டர் கை காட்டினார். மாரி பொத்தானை அழுத்தினான்.

முதல் பல்லவி போனது. முதல் கோரஸ் வந்தது. ஐந்து பேர் பாடினார்கள். அதில் ஒரு குரல் மற்ற நால்வருக்கும் முன்னால் வந்து நின்றது. ஜெபகுமார் கூட்டத்தைப் பார்த்தான். யார் முகத்திலும் வித்தியாசம் இல்லை. பெண்கள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். காலையிலிருந்து எந்த இடத்தில் அழுதார்களோ அதே இடத்தில் அழுதார்கள்.

"நான் சொல்லல?" என்று கனகவல்லியம்மா பக்கத்தில் இருந்தவரிடம் கிசுகிசுத்தார். "அப்டியே காலைலேர்ந்து கேக்குற அதே கொரலு. ரெண்டாவது சரணம் வரட்டும், பாரு."

டெபோரா பெட்டியின் கால்மாட்டில் நின்று தன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞானையா நாற்காலியிலிருந்து எழுந்தார். பாஸ்டரைத் தாண்டி, மாலைகளைத் தாண்டி, மாரியின் சின்ன மிக்சர் இருந்த மேசைக்கு வந்தார்.

"இதுல சத்தம் எது?"

மாரி காட்டினான். ஞானையா அந்தக் குமிழைப் பிடித்துத் திருகினார். அது போகிற மட்டும் திருகினார். தெருவில் போன ஒரு ஆட்டோ நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. மிக்சரில் சிவப்பு விளக்கு எரிந்தது. மேய்ப்பர்களும் வாத்தியங்களும் பெரிய பாடகரும் எல்லோரும் ஓரங்களில் கிழியத் தொடங்கினார்கள்.

"சார், செவப்பு எரியுது சார்! ஸ்பீக்கரு பூடும்!" மாரி ஜெபகுமாரைப் பார்த்தான்.

ஜெபகுமாரின் கை தானாகப் பாதி தூரம் போய்விட்டது. அதை இழுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"இருக்கட்டும் மாரி."

ஞானையா குமிழிலிருந்து விரலை எடுக்காமல் குனிந்து, ஸ்பீக்கரிடம் ஒரு காதைக் கொடுத்தார். அடுத்த வரிக்குத் திரும்பி நின்று, இன்னும் தேடுகிறவர் போல மறு காதைக் கொடுத்தார்.